பார்த்ததைச் சொல்ல ஆள்

கொழிஞ்சாம்பாறை
2.9.2024

அன்புள்ள ராசம்மாளுக்கு,

இங்கு நான் நலம். ஆனைக்கரையில் நீயும், உன் தம்பி பூபதிராஜாவும், அவன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். பத்து நாளாக நீ ஃபோனை எடுக்கவில்லை. பூபதிக்கு அடித்தால், "அக்கா பேசமாட்டேங்கறாங்க மாமா, கொஞ்ச நாள் விட்டுப் பிடிங்க" என்கிறான். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடைசியாக எப்போது எழுதினேன் என்றே நினைவில்லை. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

போன மாதம் மியூசியம் பார்த்துவிட்டுத் திரும்பும்போதே நீ பேசவில்லை. கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எழுந்து பார்த்தால் பையைக் கட்டி வைத்திருக்கிறாய். "தம்பி ஊட்டுக்குப் போறேன்" என்றாய், போய்விட்டாய். நான் என்ன தப்புச் செய்தேன்? இரும்பு ஆலையில் இருந்த காலத்தில்தான் உன்னை எங்கும் கூட்டிப்போக முடியவில்லை. ரிட்டயர் ஆன இந்த இரண்டு வருடத்தில் மாதம் ஒரு புதன்கிழமை தவறாமல் எங்காவது போய்த்தானே வருகிறோம்? மலம்புழா, நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த ஊரில் எத்தனை பெண்களுக்கு இது கிடைத்திருக்கும்?

நம்மோடு ஊர் பார்க்க வரும் வனிதா டீச்சரும் உன்னை விசாரித்தார். மியூசியத்தில் எடுத்த ஃபோட்டோக்களை பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டை இதில் வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

உன்
சின்னையன்


ஆனைக்கரை
9.9.2024

மதிப்புக்குரிய எங்க ஊட்டுக்காரருக்கு,

உங்க கடிதாசி கிடைச்சது. நான் நல்லா இருக்கேனுங்க. இங்க மழை விடவே இல்லை. ஏலக்காய் பறிக்கிற நாள். பூபதியும் அவன் சம்சாரமும் காலையில தோட்டத்துக்குப் போனா இருட்டித்தான் வர்றாங்க. சமையலை நான் பாத்துக்கறேன்.

நீங்க அனுப்பின ரெண்டு ஃபோட்டோவிலயும் நான் இல்லைங்க. பாத்தீங்களா? ஒண்ணு உங்களையும் டீச்சரையும் வாசல்கிட்ட இருந்த யானை எலும்புக்கூட்டுக்கு முன்னால நிக்க வச்சு நானே எடுத்தது. இன்னொண்ணு யாரு எடுத்தாங்களோ, எனக்குத் தெரியாது. அப்ப நான் வாசல் பெஞ்சில மூணு பேர் பையையும் மடியில வச்சு உக்காந்திருந்தேன். "எல்லாம் மலையாளத்துல எழுதியிருக்கு, உனக்கு என்ன புரியப் போகுது? கால் வலிக்கும், உக்காரு" அப்படின்னு சொல்லிட்டுப் போனீங்க. ஒண்ணரை மணி நேரம். உள்ளேயிருந்து உங்க சிரிப்பு பதினோரு தடவை கேட்டுச்சு. ஊட்டுல இப்படி எப்பச் சிரிச்சீங்கன்னு அந்த பெஞ்சில உக்காந்தே யோசிச்சேன். ஞாபகம் வரலை.

டீச்சர் முதல் தடவை மலம்புழா பஸ்ஸுல நம்மகூடப் பேசினப்ப எனக்கும் புடிச்சுது. அடுத்த தடவை அவங்களையும் கூப்பிடலாம்னு சொன்னதே நான்தான். என் வாயால நானே வினையைத் தேடிக்கிட்டேன்.

பறம்பிக்குளத்துல வண்டியில போறப்ப நான் ஒரு கரடியப் பாத்தேன். முதுகுல ரெண்டு குட்டி. உங்களக் கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி, கைய ஆட்டி ஆட்டி டீச்சர்கிட்ட என்னமோ சொல்லிட்டு இருந்தீங்க. சரி, இது எனக்கு மட்டும்னு வச்சுக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை.

ஃபோட்டோவைத் திருப்பி அனுப்பியிருக்கேன்.

ராசம்மாள்


கொழிஞ்சாம்பாறை
16.9.2024

அன்புள்ள ராசம்மாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. எனக்கு அறுபது முடிந்துவிட்டது. டீச்சர் என்னைவிட மூத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். இந்த வயதில் இது என்ன சந்தேகம் என்று நாலு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

உன்னிடம் எதற்குப் பொய்? டீச்சர் வருகிற நாளில் நான் சட்டையைத் தேய்த்துப் போட்டேன். அது உண்மை. அதற்கு மேல் மனதில் ஒன்றும் இல்லை. அதுவும் உண்மை. முதல் நாளே அவர் என்னிடம், "இரும்பு உருகிப் பதமாயிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். கஞ்சிக்கோட்டு ஆலையில் முப்பத்தொரு வருடம் உலை முன்னால் நின்றேன். ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. நிறத்தைப் பார்த்துத்தான் என்று சொன்னேன். ஒவ்வொரு நிறமாகச் சொல்லச் சொல்ல, அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. போன புதன்கிழமை டீச்சரும் அவர் தங்கையும் நெல்லியாம்பதி போனார்கள். நானும் போனேன். உன் மேல் இருந்த வீம்பில்தான் போனேன். நாள் நன்றாகத்தான் போயிற்று. திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு இருட்டாக இருந்தது. பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லை.

கரடியைப் பற்றி ஏன் சொல்லவில்லை? மூன்று நாளாக அது என்னை அரிக்கிறது. ஒரே வண்டியில், என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறாய்.

உன்
சின்னையன்


ஆனைக்கரை
24.9.2024

எங்க ஊட்டுக்காரருக்கு,

நெல்லியாம்பதி போனதைச் சொன்னீங்க. சொல்லாம இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னிக்கு நல்ல வெயில்னு எழுதியிருந்தா போதும், புரிஞ்சிருக்கும். அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் சோறு இறங்கலைங்க. பக்கத்து வீட்டு டின்சி, "என்ன சேச்சி, காய்ச்சலா?" அப்படின்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்.

ஒருத்தர்கூடக் கேட்டதில்லைன்னு எழுதியிருக்கீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை. கல்யாணமான முதல் வருசம், நீங்க ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு காலையில வந்து உக்காந்தீங்க. சாப்பாடு போட்டுட்டு, "உள்ள என்னங்க செய்வீங்க?" அப்படின்னு கேட்டேன். "உனக்குச் சொன்னா புரியாது"ன்னு சொன்னீங்க. மியூசியத்துல சொன்ன அதே பேச்சு. அன்னிக்கோட நான் கேக்கறதை விட்டேன். முப்பத்தொரு வருசமா உலைச்சூட்டுல செவந்து வந்த உங்க கண்ணுக்கு வெளக்கெண்ணெய் வச்சு விட்டது நான். அந்தக் கண்ணு பாத்த நிறமெல்லாம் அவங்களுக்குக் கிடைச்சுது.

டீச்சர் மேல பொறாமை இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. அவங்க மலையாளம் படிக்கிறாங்கன்னு இருக்கு, பறவை பேரெல்லாம் சொல்றாங்கன்னு இருக்கு, அவங்க சேலை கசங்கறதே இல்லைன்னுகூட இருக்கு. ஆனா அதெல்லாம் போயிரும். அவங்ககிட்டப் பேசற மனுசன் ஒருத்தர் இருக்காரே, சிரிச்சு, கைய ஆட்டி, கதை சொல்றவரு. அவரோட நான் ஒரு நாள்கூட குடும்பம் நடத்தலை. அதுதான் போகமாட்டேங்குது.

ஊட்டுக்கு வான்னு கூப்பிடாதீங்க. வேணும்னா நீங்க இங்க வாங்க. அக்டோபர் ஒம்பது புதன்கிழமை. முந்தின நாளே கிளம்பி கம்பத்துல தங்கிக்கங்க. தேக்கடியில ஒம்பதரை மணிப் படகுக்கு நான் வந்து நிப்பேன். நாம ரெண்டு பேர் மட்டும். நாள் முடிஞ்சதும் நீங்க உங்க பஸ்ஸு, நான் என் பஸ்ஸு.

ராசம்மாள்


கொழிஞ்சாம்பாறை
1.10.2024

அன்புள்ள ராசம்மாளுக்கு,

வருகிறேன்.

அந்தக் காலையில் நீ கேட்டது எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுதத் தோன்றியது. ஆனால் மியூசியத்தில் சொன்னது நினைவிருக்கிறதே. அப்போது இதையும் சொல்லித்தான் இருப்பேன்.

டீச்சரிடம் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "ராசம்மாளுக்குப் பிடிக்கலையா?" என்று நேராகவே கேட்டார். உன் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. "என் சம்சாரத்தோட நான் இன்னும் ஒரு ஊரும் பாக்கலைங்க டீச்சர்" என்றேன். "போயிட்டு வாங்க" என்றார் டீச்சர். நல்ல மனுஷி. இப்படி எழுதுவதற்கும் நீ கோபித்துக்கொள்வாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

பையை நானே கட்டிக்கொண்டு வருகிறேன்.

உன்
சின்னையன்


ஆனைக்கரை
18.10.2024

ஏனுங்க,

நல்லபடியா ஊர் போய்ச் சேந்தீங்கன்னு பூபதி சொன்னான். பஸ்ஸுல இடுப்பு வலிச்சுதா? நீங்க கொண்டாந்த இட்லி ஊசிப் போயிருந்துச்சு. சொன்னா உங்க முகம் சுண்டிருமேன்னு தின்னுட்டேன். அடுத்த தடவை சட்னியைத் தனியா வைக்கணுங்க.

படகுல நீங்க முதல்ல வாயே திறக்கலை. எனக்குப் பயமாப் போச்சு. என்கிட்டப் பேச இவருக்கு ஒண்ணுமே இல்லைபோலன்னு நெனச்சேன். அப்புறம்தான், "முதல்ல கருஞ்செவப்பா இருக்கும் ராசு" அப்படின்னு ஆரம்பிச்சீங்க. எதைச் சொல்றீங்கன்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. செவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், அதுக்கும் மேல போனா பாக்கவே முடியாத வெள்ளை. இருங்க, அந்த வெள்ளைக்கு முன்னால ஒரு நிறம் சொன்னீங்களே, அதுக்கு உங்களுக்கும் பேர் தெரியலை. பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் எந்திரிச்சு யானை யானைன்னு சத்தம் போட்டாங்க. நாம திரும்பறதுக்குள்ள படகு வளைஞ்சு வந்துருச்சு. அத்தனை தூரம் வந்து யானையப் பாக்காதவங்க நாம ரெண்டு பேருதான்.

டீச்சர்கிட்டயும் இதே மாதிரிதான் சொன்னீங்களான்னு கேட்டேன். நீங்க யோசிச்சு, "இல்லை, அவங்ககிட்ட ஒருக்கா கைய சுட்டுக்கிட்டதைச் சொல்லலை" அப்படின்னீங்க. அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். கதையப் படகுலதான் கேட்டேன். அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்.

ஊட்டுக்கு வான்னு நீங்க கூப்பிடலை. கூப்பிட வேண்டாம்னு சொன்னதும் நான்தான். இருந்தாலும் குமுளி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறப்ப, கூப்பிடலையேன்னு இருந்துச்சு. உங்க பஸ்ஸு முதல்ல வந்துச்சு. நீங்க ஏறி ஜன்னலோரமா உக்காந்தீங்க. நான் கைய ஆட்டப் போற நேரத்துல, பச்சைச் சேலை கட்டின ஒரு பொம்பள வந்து உங்க பக்கத்துல உக்காந்தா. உங்ககிட்ட ஏதோ கேட்டா. நீங்களும் பதில் சொன்னீங்க. பஸ்ஸு போயிருச்சு.

இன்னியோட ஒம்பது நாளாச்சு. அவ யாரு, கம்பத்துல எறங்கினாளா, இல்லை பொள்ளாச்சி வரைக்கும் வந்தாளா? அவ்வளவு தூரம் என்ன பேசினீங்க? பூபதி சம்சாரம்கிட்டச் சொன்னேன். அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. சிரிக்கட்டும்.

இதுக்கு நீங்க பதில் எழுத வேண்டாம். கடிதாசியில எழுதினா நாலு வரியில முடிச்சிருவீங்க. நேர்ல கேட்டாத்தான் உங்க முகம் எப்படிப் போகுதுன்னு நான் பாக்க முடியும். வர்ற வியாழக்கிழமை காலையில கிளம்பறேன். சாயங்காலம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க.

ராசு