செத்த காலேஜில் ஓடியவர்

எளாவூர்,
மே 1956

பட்டணத்து உத்தியோகஸ்தருக்கு,

கடிதம் வந்தது. பொருட்காட்சியில் ராட்டினம் இருக்கிறது, பாப்பாவோடு வா என்று எழுதியிருக்கிறீர்கள். போன தடவை நடந்ததை மனசில் வைக்காதே என்றும் ஒரு வரி.

மனசில் வைக்க அதில் என்ன இருக்கிறது? எழும்பூர் மியூசியத்தில், அதுதான் நம் ஜனங்கள் சொல்லும் செத்த காலேஜில், பாப்பா உங்கள் தோளில் உட்கார்ந்து திமிங்கலத்தின் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் மேனேஜர் குடும்பத்தோடு வருவதைக் கண்டதும் அவளைக் கீழே இறக்கிவிட்டீர்கள். அவர் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இவங்க?" என்றார்.

"எங்க ஊர் ஜனங்க சார். வழி கேட்டுகினு இருந்தாங்க."

பாப்பா "நைனா" என்று கூப்பிட்டது காதில் விழுவதற்குள் அவரை அடுத்த அறைக்கு அழைத்துப் போய்விட்டீர்கள்.

மீதியை நாங்களே நிதானமாகப் பார்த்தோம். வாசலில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு காத்திருந்தீர்கள். உங்களை யாரென்றே தெரியாதவள்போலக் கடந்து போனேன். அது எவ்வளவு சுலபமாக வருகிறது!

பொருட்காட்சிக்கு மேனேஜரோடு போய்வாருங்கள். நாங்கள் வருவதாக இல்லை.

ரயிலில் பாப்பா, "நைனா அந்த எலும்பப் பாத்து பயந்துகினு ஓடிட்டாராம்மா?" என்று கேட்டாள். இப்போது ஊரெல்லாம் அதையே சொல்லிச் சிரிக்கிறாள். நான் திருத்தவில்லை. செத்த மீனுக்குப் பயந்தவர் என்ற பெயர், நடந்த உண்மையைவிட உங்களுக்குக் கௌரவமானது.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்