சர்பத் கிளாசில் நத்தை

20.9.1955, செவ்வாய்

இன்றும் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கை கால் முழுக்கச் சிவந்த தடிப்பு, சொறிந்து சொறிந்து புண். மூவரும் நாவலடிக் குளத்தில் நீந்தி விளையாடியவர்கள். மலேரியா இரத்தம் பார்க்கிற என்னிடம் டொக்டர் நேசரட்ணம், "உமது மைக்ரஸ்கோப்பில் இனிக் குளத்தையும் பாரும்" என்றார்.

வீட்டில் சபூறா நாள் எண்ணுகிறாள். ஒடுக்கத்துப் புதனுக்கு இன்னும் இருபத்திரண்டு நாளாம். ஸபர் மாதத்தின் அந்தக் கடைசிப் புதனன்றுதான் எங்கள் பெண்கள் சோறு கட்டிக்கொண்டு போய்க் குளத்தில் இறங்குவார்கள். மற்ற நாளெல்லாம் வேலிக்குள் கிணற்றடி. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து எட்டு மாதம். அவள் இத்தனை ஆசையாக எதையும் கேட்டு நான் பார்க்கவில்லை. தடிப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கோழை.

24.9, சனி

நாலு நாளாகத் துளித் துளியாகக் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். பச்சைப் பாசி, வேறொன்றுமில்லை. டொக்டர் சொன்னார்: "தண்ணீரை விடும், நத்தையைப் பிடியும். ஒன்றொன்றாக நல்ல தண்ணீரில் போட்டு வெயிலில் வையும்."

பாசிப் பக்கத்தில் ஆறு, குளக்கட்டோரம் மணற்பக்கத்தில் ஆறு பிடித்தேன். கிளாஸ் போதவில்லை. அலுமாரியிலிருந்த கலியாணக் கிளாஸ்களில் கை வைத்தேன்.

"எனக்கு இதுல ஒரு நாளும் சர்பத் ஊத்தித் தரல்ல. நத்தைக்கு மட்டும் விருந்தா?" என்றாள் சபூறா. கொடுக்கவும் செய்தாள். தங்கம்.

25.9, ஞாயிறு

கண்டுபிடித்தேன்! பத்து மணி வெயிலில் கிளாசைத் தூக்கிப் பிடித்தால் தூசி துள்ளுகிறது. மைக்ரஸ்கோப்பில் அது தூசியில்லை. வால் நுனி இரண்டாகப் பிரிந்த புழு. பாசிப் பக்கத்து நத்தை நாலில் இருக்கிறது, மணற்பக்கத்து நத்தை ஒன்றிலும் இல்லை.

இது எருமையின் புழுவாம். சாணியோடு தண்ணீரில் விழுந்து, நத்தைக்குள் வளர்ந்து, வெயில் ஏற வெளியே வந்து எருமையைத் தேடுமாம். மனிசனின் தோலை எருமைத் தோல் என்று நினைத்துப் புகுந்து அங்கேயே செத்துப்போகும். அதுதான் தடிப்பு. வழி தப்பிய சீவன், பாவம்.

ஆனால் பாசிப் பக்கத்தில் படுக்கிற எருமைகள் யாருடையவை? என் மாமாவுடையவை, சபூறாவின் வாப்பாவுடையவை.

26.9, திங்கள்

மாமாவிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"என்ட எருமையா? எங்க வாப்பா காலத்துல இருந்து அதுகள் அங்கதான் படுக்குது. சொறி வாறது சேத்தால மருமகன். எனக்கும்தான் வாறது."

பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஆனாலும் சாப்பாட்டில் பெரிய மீன் துண்டு என் பீங்கானில்தான் விழுந்தது. அதைத் தின்னத்தான் கஷ்டமாக இருந்தது.

சபூறா கேட்டாள்: "நீங்க எழுதிக் குடுத்தா குளத்த மூடிருவாங்களா?"

"ஓம்."

"எழுதாட்டி?"

"எல்லாருக்கும் சொறி. உனக்கும்."

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஐந்தாம் திகதிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

28.9, புதன்

யா அல்லாஹ், என்ன வேலை செய்துவிட்டேன்!

காலையில் புழு துள்ளிய ஒரு கிளாசிலிருந்து நத்தையை எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பீரிசுத் தட்டால் மூடி யன்னலில் வைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறந்துவிட்டேன். பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதித் தருகிற தண்ணீரை மாமி மூடிவைப்பதும் அதே யன்னலில். பகல் மாமாவுக்கு முழங்கால் வலி. மாமி பிஸ்மி சொல்லி என் கிளாசை எடுத்து இரண்டு முழங்காலுக்கும் நல்லாத் தேய்த்துவிட்டிருக்கிறார்.

நான் வரும்போது மாமா சாரனை மடித்துக்கொண்டு சொறிகிறார். மாமிக்கு அழுகை, ஓதின தண்ணி கடிக்குமா என்று. நான் உண்மையைச் சொன்னேன். வேறென்ன செய்ய?

29.9, வியாழன்

மூன்று நாளைக்குப் பிறகு மாமா வாய் திறந்தார். முழங்காலெல்லாம் தடிப்பு.

"கிளாசுக்குள்ள சேறு இல்லயே மருமகன்?"

"இல்ல மாமா."

"அப்ப காட்டுங்க பாப்பம்."

இன்னொரு கிளாசை வெயிலுக்குப் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார். "இந்தத் தூசியா என்னை முப்பது வருசமா ஏமாத்தினது!" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

4.10, செவ்வாய்

அறிக்கை கொடுத்தேன். மணற்பக்கத்து நத்தையில் புழு இல்லாததால் குளத்தை முழுக்க மூடத் தேவையில்லை என்று எழுதினேன். பாசிப் பக்கம் இறங்கக் கூடாது. மணற்பக்கம், அதுவும் வெயில் ஏற முன், குளிக்கலாம். கரையேறினதும் துவாயால் அழுத்தித் துடைக்க வேண்டும். மாமா எருமைகளை வேறு மடுவுக்கு மாற்றுவதாகச் சொன்னதையும் எழுதினேன். டொக்டர் ஒப்பமிட்டார். சபூறா அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள்.

12.10, புதன்

விடியச் சுபஹு தொழுததும் புறப்பட்டார்கள். நான் தூரத்து நாவல் மரத்தடியில் இருந்தேன். பெண்களின் சிரிப்பு தண்ணீர்மேல் வந்துகொண்டே இருந்தது. அதில் சபூறாவின் சிரிப்பு எதுவென்று எனக்குத் தெரியும். பாசிப் பக்கத்தில் மாமா, பெண்களுக்கு முதுகைக் காட்டி, கையில் கம்போடு காவல்.

வெயில் ஏற முன் எல்லாரும் கரை. பின்னேரம் அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "பாருங்க டொக்டர்." ஒரு தடிப்பும் இல்லை. நான் கையை உடனே விடவில்லை.

கலியாணக் கிளாஸ்களைச் சுடுநீரில் மூன்று தரம் கழுவிச் சர்பத் ஊற்றினாள். முதல் கிளாஸ் மாமாவுக்கு. அவர் அதை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, நல்லாப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.