அழுதால் மழை வராது

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி ஏறுகிறது, அடுத்தது இறங்குகிறது. குரோம்பேட்டைத் தோல் பதனிடும் கம்பெனியில் காலமெல்லாம் ஈரத்தோலைப் புரட்டிய விரல்களில் பென்சில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் இது நானே எழுதுவது.

பம்மலில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பெரியவர்களுக்கான புத்தகம் இன்னும் வரவில்லை என்று டீச்சரம்மா குழந்தைகளின் படப் புத்தகத்தையே கொடுக்கிறார். நேற்று படங்களைக் கலைத்துப் போட்டு, "எதனால எது நடந்துச்சுன்னு வரிசையா வைங்க" என்றார். நான் சட்டென்று வைத்துவிட்டேன்.

"தாத்தா, இதை முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. என் சம்சாரம் சொல்லிக் குடுத்தது" என்றேன். வீடு வரும் வழியெல்லாம் உன் ஞாபகம்தான்.

பல்லாவரம் சந்தையில் நீ ஒரு படப் புத்தகம் வாங்கினாயே, நினைவிருக்கிறதா? அட்டை இல்லை, தாள்கள் தனித்தனியாகக் கழன்றிருந்தன. நாலே படங்கள். நம் மகள் சாந்தி பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே புத்தகத்தைக் கையில் பிடிக்கட்டும் என்று உனக்கு ஆசை. கீழே இருந்த எழுத்து நம் இருவருக்கும் தெரியாது. படத்தைப் பார்த்து நாமே வரிசை வைத்துக் கோணி ஊசியால் தைத்தோம். பையன் அழுகிறான். மழை பெய்கிறது. முற்றத்தில் களிமண் குழைந்து கிடக்கிறது. கடைசியில் அவன் கையில் மண் குதிரை.

"புள்ள அழுதானா, வானம் எறங்கி வந்து மண்ணக் கொழச்சுக் குடுத்துச்சு" என்று நீ கதை சொன்னாய். நானும் வாய் பிளந்து கேட்டேன்.

அந்த ஐப்பசியில் பொழிச்சலூரில் நம் குடிசைக்குள் தண்ணீர் புகுந்தது. அதன் பிறகு சாந்தி அழுவதையே விட்டுவிட்டாள். சமர்த்துப் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினோம். தை மாதம், காதில் சீழ் வடிந்து தலையணை நனைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இவ்வளவு வலி இருந்திருக்கும், குழந்தை அழவே இல்லையா?" என்று டாக்டர் கேட்டார். அவள் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அழுதா மழ வந்துரும்மா. வூட்ல தண்ணி பூந்துரும்."

வீட்டுக்கு வந்ததும், "யோவ், அந்தப் புக்கப் பிரி" என்றாய். நான் கத்தி தேடுவதற்குள் நூலைப் பல்லாலேயே அறுத்துவிட்டாய். பிறகு அவளை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினாய்.

"இப்ப அழுடி."

"வரலியேம்மா."

நீயே அழ ஆரம்பித்தாய். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்து அவளும் ஓவென்று அழுதாள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தீர்கள். ஒரு மேகம்கூட இல்லை. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் ஏரோப்ளேன் ஒன்று கூரையை உரசுவதுபோல் போயிற்று.

"அம்மா, அழுதா ஏரோப்ளேன் வருது."

"அடிப் போடி. நீ சிரிச்சிக்கினு இருந்தாலும்தான் அது வருது. வேணா சிரிச்சிப் பாரு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருவரும் சிரித்துச் சிரித்துக் காத்திருந்தீர்கள். நெடுநேரம் கழித்து அடுத்ததும் வந்தது.

அதன் பிறகுதான் படங்களைப் பாயில் பரப்பினாய். இந்த முறை அவளே எடுத்து வைத்தாள். குதிரை, மழை, கரைந்த மண், கடைசியில் அழுகை. "குதுர கரஞ்சு பூட்ச்சு, அதான் அழுவறான்" என்றவள், உன்னைப் பார்த்து, "நானும் அழுவலாமா?" என்று கேட்டாள்.

"நல்லா அழு. அழுதாத்தான எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்."

காது தப்பியது, கொஞ்சம் மந்தம்தான். ஆனால் சாந்தி இன்றுவரை எதையும் மறைப்பதில்லை. தலைவலியோ மாமியார் பேச்சோ, சேலையூரிலிருந்து பஸ் ஏறி வந்து என்னிடம் கொட்டிவிட்டுப் போகிறாள். நீ போன அன்று, "பச்ச ஒடம்புக்காரி, அழாதம்மா" என்று அவளை அடக்க வந்தவர்களை நான்தான் விலக்கினேன்.

நான் மட்டும் அன்று அழவில்லை. அப்புறம் யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. இப்போது எழுத்து வந்துவிட்டது, சொல்கிறேன். நீ இல்லாதது வலிக்கிறது. இதை எழுதி முடித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வரும் ஞாயிறும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவேன். வலிக்கிற இடம் இன்னும் இருக்கிறது.