வருடக் கணக்கில் சரியான மழை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மா கால்வாயோரத்துப் பழைய வீட்டில் கட்டிலை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு பொழுதெல்லாம் கால்வாயை வேடிக்கை பார்க்கிறாள். உன் மழை அறிக்கையை வைத்துத்தான் அந்தக் கால்வாயை எவ்வளவு அகலப்படுத்துவதென்று எங்கள் வடிகால் பிரிவு முடிவெடுக்கப் போகிறது. உங்கள் கணினியில் ஓடும் காலநிலை மாதிரி (மாடல்) எங்கள் ஊர் மழையை நன்றாகக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். வருட மொத்தம் அச்சு அசலாகப் பொருந்துகிறது, சரி. தினசரிக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பாதி வருடம் சும்மா தூறிக்கொண்டே இருக்கிறது. கொட்டுகிற மழை ஒன்றுகூட இல்லை. போன வருடம் அம்மாவின் கட்டில்வரை தண்ணீர் ஏறியதே, அந்த மழை எங்கே?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. உலகம் முழுவதற்குமான மாதிரி அது. நூறு கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். ஒரு மூலையில் கொட்டுவதைக் கட்டம் முழுக்கப் பரப்பித் தூறலாக்கிவிடும். எல்லா மாதிரிகளுக்கும் ஏறக்குறைய இந்த நோய் உண்டு. அதை ஒரு பத்தியாக எழுதியிருந்தேன். "எதுக்குப்பா வீண் குழப்பம்?" என்றார் எங்கள் இயக்குநர். எடுத்துவிட்டேன். என் வேலை நீடிப்பதே இந்த அறிக்கையால்தான். இதைப் பெரிதாக்காதே. மழைக்காலத்துக்கு முன்னால் அம்மாவை மட்டும் உன் மாடி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடு.

தம்பி

மார்ச் 24

தம்பி,

உன் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். ஊருக்குத் தூறல், உன் அம்மாவுக்கு மட்டும் நிஜ மழையா? அந்தப் பத்தியைத் திரும்பச் சேர். இந்த மாதத்துக்குள் செய்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

கோபப்படாதே. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை, மொத்தம் சரிதானே. அம்மா மாடிக்கு வந்துவிட்டாளா?

தம்பி

ஏப்ரல் 10

ஐயா,

தங்கள் தாயார் மாடிக்கு வந்துவிட்டார். படியேறும்போது, "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சொல்லிட்டானா?" என்று கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

தங்கள் மார்ச் 15 கடிதத்தின் நகலை அறிக்கையின் முதல் பக்கத்தில் இணைத்து ஆணையரிடம் கொடுத்துவிட்டேன். கால்வாயின் அகலத்தை வேறு கணக்கு வைத்து முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார். இது பற்றி எழுத வேண்டியிருந்தால் அலுவலக முகவரிக்கு எழுதவும்.

நகர வடிகால் பொறியாளர்