அளந்து ஊற்றிய தண்ணீர்

அப்பா,

இன்று காலை ஜன்னலோரத் தொட்டி ஒன்றை மாற்றி நடும்போது அடிமண்ணிலிருந்து சேற்று வாசம் எழுந்தது. நாற்று பறித்த வயலின் வாசம். கொஞ்ச நேரம் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தேன்.

டயாலிசிஸுக்காக நீங்கள் தஞ்சாவூரில் என் வாடகை அறைக்கு வந்து தங்கிய மாதங்கள் நினைவுக்கு வந்தன. வடக்கே ஒரே ஜன்னல். நேர் வெயில் வராது. பிற்பகலில் பால்போல ஒரு வெளிச்சம் தரையில் பரவும். அது போதுமென்றுதான் அங்கே மணி பிளான்ட் வைத்திருந்தேன். வயலை விட்டு வந்த உங்களுக்கு அந்தச் செடிதான் கிடைத்தது. நான் வேலையிலிருந்து திரும்பினால் தொட்டியில் தண்ணீர் நடவு வயல்போல நிற்கும். அடித்தட்டும் நிறைந்திருக்கும். இலை மஞ்சளானதும், ஒரு பிடி யூரியா கொடுத்தனுப்பச் சொல்லி அம்மாவுக்குப் போன் போட்டீர்கள். "அதுல என்ன, மூட்டை மூட்டையாவா அறுக்கப் போறீங்க?" என்றாள் அம்மா.

உங்களுக்கும் அப்போது தண்ணீர் அளவுதான். ஒரு பாட்டிலைக் காட்டி, நாள் முழுக்க இவ்வளவுதான் என்றிருந்தார் டாக்டர். நான் குளிக்கும் நேரம் பார்த்து நீங்கள் குடத்தில் மொள்ளும் சத்தம் கேட்கும். பிறகு கால் வீங்கும், மூச்சு வாங்கும். ஆற்றுப் பாசனத்தில் வாழ்ந்தவரிடம் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செடியை வேரோடு எடுத்துக் காட்டினேன். வேர் பழுப்பாகி, தொட்டதும் கையோடு வந்தது.

"இது நெல்லு இல்லப்பா. தண்ணி நின்னா வேரு மூச்சு விட முடியாது. விரலை விட்டுப் பாத்து, மண்ணு காஞ்சிருந்தா மட்டும் ஊத்தணும்."

நீங்கள் வேரை நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"எனக்குச் சொல்ல வேண்டியதத்தான செடிக்குச் சொல்ற, ஆயி?"

தலையை மட்டும் ஆட்டினேன். அன்று மாலை டம்ளரில் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினீர்கள்.

அழுகாத தண்டை நறுக்கி, மணலும் தேங்காய் நாரும் கலந்து நட்டோம். சுருண்ட இலை விரிவதைக் கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எழுந்து போய் மண்ணில் விரல் வைத்து, "இன்னைக்கு வேணாம்" என்பீர்கள். செடிக்கா, உங்களுக்கா என்று நான் கேட்டதில்லை.

தை அறுவடையோடு எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போதும் சில விடியற்காலைகளில் கனவில் வருகிறீர்கள். வாய்க்கால் கரை தளும்ப ஓடுகிறது. முழங்கால் தண்ணீரில் நின்று, இரு கையும் குவித்து, என்னையே பார்க்கிறீர்கள்.

"குடிக்கவா, ஆயி?"

"குடிங்கப்பா" என்கிறேன்.

நிறையக் குடிக்கிறீர்கள்.