குடமே, வாளியே

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. கடை மாடியை ஸ்டீல் சாமான்களுக்கு ஒதுக்கிவிட்டேன். பிளாஸ்டிக் கீழேயே இருக்கிறது. ஒரு வாளிக்காக யாரும் படியேற மாட்டார்கள்.

நீ அனுப்பிய பாட்டை மாமா செல்போனில் போட்டுக் காட்டினார். கடைப் பெண்கள் இருவரும் வந்த ஆளை நிற்கவைத்துவிட்டுக் கேட்டார்கள். இத்தனை வருஷமாக நீ பாடியதில் ஒரு வரியும் எனக்குப் பிடிபட்டதில்லை. மூக்கடைத்தவன் பாடுவதுபோல இருக்கும். இதில் நம் வீட்டுப் பேச்சு இருக்கிறது, உன் சொந்தக் குரல் இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது. முகத்துக்காகப் புகழ எனக்கு வராது, உனக்கே தெரியும்.

வேர், வேர் என்று பேட்டியில் சொல்கிறாயாம். போன பேட்டியில் பாட்டு வாடையே இல்லாத வீட்டில் வளர்ந்ததாகச் சொன்னாய். கோபமில்லை. முதல் கடை போட்டபோது நானும்தான், தெருத்தெருவாகக் கூடை சுமந்து விற்றவள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது நான் கூவியதை இந்தப் பாட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வைத்துக்கொள். ஆனால் குறையைச் சொல்லாமல் சரக்கைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

"குடமே" என்று பாடிவிட்டு, நான்கு தட்டு தட்டும் நேரம் சும்மா இருக்கிறாய். பிறகுதான் "வாளியே, சல்லடையே" வருகிறது. அந்த மௌனத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது என்று உன் வாத்தியக்காரர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். நான் அப்படிக் கூவியதே இல்லை, தம்பி. மூன்றும் ஒரே மூச்சு. நடுவில் நிறுத்தினால் எவள் கதவைத் திறப்பாள்?

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, எங்க ஸ்கூல் தெருவுல மட்டும் கத்தாத" என்றாய். சரி என்றேன். அன்றிலிருந்து பள்ளிச் சுவர் தொடங்குகிற இடத்தில் "குடமே" என்பதோடு வாயை மூடிக்கொள்வேன். சுவர் முடிந்த பிறகுதான் மிச்சம். நீ கேட்டதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தபடி. அதனால் உனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும்.

குத்திக்காட்ட எழுதவில்லை. எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? எனக்கும் விற்க வேறு தெருக்கள் இருந்தன. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாளைக்கு எவராவது அந்த மௌனத்துக்கு அர்த்தம் கேட்பார்கள், நீயும் அழகாக எதையாவது சொல்லிவைப்பாய். அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த இடத்தை நிரப்புவதும் விடுவதும் உன் தொழில். என்னைக் கேட்டால் அப்படியே இருக்கட்டும்.

உன் தொண்டைக்கு ஒரு குறையும் வராது, நீ நன்றாக இருப்பாய். ஒன்று மட்டும். மேடையில் அந்த இடம் வரும்போது அவசரப்படாதே. அது நீளமான சுவர். தலைச்சுமையோடு நான் கடந்து போக வேண்டும்.

உன் அக்கா