அந்தக் காலத்து மனுஷன்

அன்புள்ள வெட்டூரியா,

நீயும் உன் முழங்காலும் சௌக்கியமா? நான் நலம். புக்கரெஸ்ட் நகரம் என்னை இன்னும் முழுசாக விழுங்கிவிடவில்லை.

கட்டட வேலை முடிந்துவிட்டது. பதறாதே, வேறு வேலை கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் கேவலம்.

மழைக்கு ஒதுங்கி ஓர் அருங்காட்சியகத்தில் நுழைந்தேன். கம்யூனிஸ்ட் காலத்து அடுக்குமாடி வீட்டை அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அச்சு அசலாக நம் வீடு, நீ இன்றும் முட்டைக்கோஸ் வேகவைக்கும் அடுப்பு உட்பட! வாசலில் விருந்தாளிகளுக்கான வீட்டுச் செருப்பைப் பார்த்ததும் என் கால் என்னைக் கேட்கவில்லை. பூட்ஸைக் கழற்றி, அதை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டேன்.

"அம்மா, இந்தப் பொம்மை மூச்சு விடுது!" என்று ஒரு சிறுமி அலறினாள்.

நிர்வாகி இலிங்கா ஓடி வந்தாள். நான் எழுந்தேன்.

"எந்திரிக்காதீங்க சார்! தினமும் வந்து இப்படியே உக்கார முடியுமா?"

"என்ன செய்யணும்மா?"

"ஒண்ணும் வேணாம். அந்தக் காலத்து மனுஷனா இருந்தா போதும்."

நம் ஊர்ச் சுரங்கத்தில் அத்தனை வருஷம் நான் முதுகொடியப் பார்த்த வேலைக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

என் நீல டிராக் சூட்டை அனுப்பு, துவைக்காமல். உன் பிளம் ஜாமும் ஒரு குப்பி வேண்டும். காட்சிக்கு என்று சொல்லிவிட்டு நானே தின்றுகொள்கிறேன். பக்கத்து வீட்டு ஃப்ளோரிகா கேட்டால், உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்.

நேற்று ஒருவர் என்னைக் காட்டி, "இப்படி இன்னும் யாராச்சும் வாழறாங்களா?" என்றார்.

"சேச்சே, எல்லாரும் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாங்க!" என்று சிரித்தாள் இலிங்கா.

நான் பேசக் கூடாதென்பது ஒப்பந்தம். செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.

கதவு திறக்கிறார்கள், உட்காரப் போகிறேன்.

உன்,
ரொமுலுஸ்